கையுறை லேயர்

ஜனவரி 6, திங்கள்

ஸ்டாக் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது யாரும் எழுதாத அப்சர்வேஷன் நோட்டு ஒன்று கிடைத்தது. அதில்தான் இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக வேதியியல் முதலாமாண்டுப் பெண்களுக்கு நான் சொல்லும் முதல் விதி: செய்முறை நோட்டில் ரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது. தவறாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போட வேண்டும். அதே விதி எனக்கும்.

முதல்வர் சென்னியப்பன் காலையில் கூப்பிட்டனுப்பினார். பிப்ரவரி முதல் வாரம் மதிப்பீட்டுக் குழு வருகிறது. துறைக்கு ஒன்றாக ஆறடிக்கு நாலடியில் படத்தொகுப்பு வைக்க வேண்டுமாம். எங்களுக்கு விழுந்த தலைப்பு ‘பாதுகாப்பான ஆய்வகம்’.

“போட்டோஷாப் ட்ரெய்னிங் போனது நம்ம காலேஜ்லயே நீங்க ஒருத்தர்தானுங்க, தமயந்தி மேடம். வெளிய குடுத்தா காதுகுத்து பேனர் மாதிரி பண்ணி வெச்சுருவான்.”

படம் மாட்டினால் ஆய்வகம் பாதுகாப்பாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

செய்ய வேண்டியவை: மாதிரித் தேர்வு வினாத்தாள். டிஸ்டில்ட் வாட்டர் யூனிட் பழுது, ஆள் வரச் சொல்ல வேண்டும். கையுறைக்கு இன்டென்ட். அமிலம் ஊற்றும்போது போடும் கையுறை இரண்டு ஜோடியும் கிழிந்துவிட்டதென்று லேப் அட்டெண்டர் திருமூர்த்தி தீபாவளிக்கு முன்பே சொன்னார். ஆய்வகப் பொறுப்பு என்னுடையது. என்ன வேண்டும் என்று ஒரு தாளில் இன்டென்ட் எழுதி அலுவலகத்தில் கொடுத்தால் வாங்கிவிடுவார்கள்.

ஜனவரி 9, வியாழன்

மூன்றாமாண்டு வகுப்பைப் படம் எடுத்தேன். நாற்பத்தாறு படங்கள். பெரும்பாலானவற்றில் பெண்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். டைட்ரேஷன் செய்யும்போது யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. ஒன்பது பேர் தேறினார்கள்.

நடுவில் வைக்கத் தகுந்தது திருமூர்த்தியின் படம்தான். ஜன்னல் ஓரம் நின்று பாட்டிலைச் சாய்த்து அளவுச் சாடியில் ஊற்றுகிறார். வெளிச்சம் தோளில் விழுகிறது.

“நம்ம மூஞ்சியெல்லாம் எதுக்குங்க மேடம், புள்ளைகள எடுங்க” என்றார். பிறகு, “செரி, எடுக்கறதுன்னா ஒரு நிமிசம் இருங்க” என்று தொட்டிக் குழாயில் தலையை நனைத்துச் சீவிக்கொண்டு வந்தார்.

ஐம்பத்தாறு வயது. இடது ஆள்காட்டி விரல் பாதிதான். பதினாறு வயதில் தறிப் பட்டறையில் பெல்ட்டில் போனது. பாட்டிலின் கழுத்தை மற்ற மூன்று விரலாலும் கட்டைவிரலாலும் பிடிப்பார். பத்து வருடத்தில் ஒன்றைக்கூட உடைத்ததில்லை.

இன்டென்ட் எழுத வேண்டும். பொங்கலுக்குப் பிறகு.

ஜனவரி 13, திங்கள்

விடுமுறை. வீட்டில் வேலை செய்தேன்.

போட்டோஷாப்பில் படம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள். ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கும். அதை அழுத்தினால் அந்தத் தாளில் இருப்பது மறையும். மறுபடி அழுத்தினால் வரும். பயிற்சியில் இதைக் காட்டியபோது எனக்குப் பிடித்திருந்தது. எதுவும் அழிவதில்லை, மறைகிறது, அவ்வளவுதான்.

நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு முதல்வர் வாட்ஸப்பில் எழுதியிருந்தார்: “மேடம், பிள்ளைங்க யாருமே பாதுகாப்புக் கண்ணாடி போடல. போட்ட மாதிரி பண்ணிடுங்க.” ஆய்வகத்தில் இருப்பது இரண்டு கண்ணாடி, அதில் ஒன்று வார் அறுந்தது. நல்லதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சமையலறை மேடையில் வைத்து மூன்று கோணத்தில் எடுத்து ஒன்பது பேருக்கும் மாட்டினேன்.

கையுறையும் வேண்டும் என்றார்கள். பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் கையுறையை நானே மாட்டிக்கொண்டு, நல்லெண்ணெய் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, டைமர் வைத்து எடுத்தேன். மஞ்சளை நீலமாக்கினேன். தனியாக இருப்பதில் ஒரு வசதி, எண்ணெய் பாட்டிலோடு ஏன் சிலை மாதிரி நிற்கிறாய் என்று கேட்க ஆள் இல்லை.

ஜனவரி 15, புதன்

மணிக்கட்டில் நிழல் பொருந்தவில்லை. நான்கு முறை செய்தேன். ஐந்தாவதில் பொருந்தியது. சமீபத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை நான் செய்ததில்லை.

ஜனவரி 24, வெள்ளி

ஆய்வகக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். ஆறடி. நீலக் கையுறை தூரத்திலிருந்தே தெரிகிறது.

இயற்பியல் துறைத் தலைவர் அருள்தாஸ் வந்து பார்த்தார். “என்னங்க மேடம், உங்க புள்ளைக எல்லாம் வெல்டிங் பட்டறைக்குக் கெளம்புன மாதிரி இருக்குது! எங்களுக்கும் ஒரு டெலஸ்கோப் மாட்டி உடுங்களேன், காசா பணமா.”

திருமூர்த்தி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் இடது கையைத் தூக்கிப் படத்தின் பக்கத்தில் வைத்தார்.

“மேடம், எனக்கு வெரலு மொளச்சிருச்சுங்க!”

நடைவழியில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும்தான். இதை நான் கவனிக்கவே இல்லை. என் கைதானே அது, ஐந்து விரலும் இருக்கும்.

“ஊட்டுக்காரிகிட்டக் காட்டோணுமுங்க. எனக்கு ஒண்ணு அனுப்பி உடுங்க.” அனுப்பினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

குழு வந்து போனது. தலைவர் படத்தின் முன் இரண்டு நிமிடம் நின்றார். ஆய்வகத்துக்குள் அரை நிமிடம்.

பிப்ரவரி 10, திங்கள்

வாட்டர் யூனிட் ஓடுகிறது. வினாத்தாள் கொடுத்தாயிற்று. கண்ணாடியைத் திரும்ப அலமாரியில் வைத்தாயிற்று. பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு இருபதாம் தேதி. அமில பாட்டில்களை நிரப்பச் சொல்ல வேண்டும். ஜனவரிப் பட்டியலில் எல்லாம் முடிந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலை 10.40. திருமூர்த்தி அடர் கந்தக அமிலத்தைப் பெரிய பாட்டிலிலிருந்து மேசை பாட்டில்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் பதிவேட்டோடு இருந்தேன். கண்ணாடி உடையும் சத்தம். அவர் கத்தவில்லை. “மேடம்” என்று ஒரு முறை கூப்பிட்டார், சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லக் கூப்பிடுவது போல.

இரண்டு கைகளும், வலதில் முழங்கை வரை.

குழாயடியில் அவர் கைகளைப் பிடித்து வைத்திருந்தேன். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் என்று வருடாவருடம் பாடம் எடுக்கிறேன். இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியாமல்தான் எடுத்திருக்கிறேன். அவருக்குப் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. ஆனாலும், “சீலையில பட்டுரப் போவுது, தள்ளி நில்லுங்க மேடம்” என்றார்.

கல்லூரி வேனில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள்.

கையுறை போட்டிருக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

கண் தப்பித்தது. வலது கைக்குத் தோல் எடுத்து ஒட்ட வேண்டுமாம். செய்முறைத் தேர்வுக்கு வேறு துறை அட்டெண்டரைக் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

திருமூர்த்திக்கு மெமோ போயிருக்கிறது. நகல் என் மேசையில். ‘பாதுகாப்பு உபகரணங்கள் வழங்கப்பட்டிருந்தும் அணியாமல் அலட்சியமாகப் பணியாற்றியது.’ இணைப்பு: ஆய்வகப் படத்தொகுப்பின் புகைப்படம். விசாரணை மார்ச் நான்கு. அலட்சியம் என்று முடிவானால் வேலை போகும். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது அவருக்கு.

முதல்வர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், டீ சொன்னார்.

“பாட்டில் நழுவுனது விபத்துதான் மேடம், நான் இல்லைங்கல. ஆனா மேலிருந்து அறிக்கை கேக்கறாங்க. மதிப்பீட்டு ரிசல்ட் இன்னும் வரல. இப்பப் போயி லேப்ல கையுறை இல்லைன்னு எழுத முடியுங்களா?”

“கையுறை இல்லைங்க சார்.”

“படத்துல இருக்குதுங்களே.”

“கண்ணாடி நீங்க போடச் சொன்னது.”

“கண்ணாடி சொன்னேன்” என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் டீயை எடுத்தேன்.

“ஆய்வகப் பொறுப்பாளர்னு உங்களத்தான் சாட்சியாப் போட்டிருக்குது. ஒரே வரி போதும் மேடம். உபகரணம் வழங்கப்பட்டது. அவ்வளவுதான்.” பிறகு மேசை ஓரத்தில் இருந்த கோப்பைச் சற்று நகர்த்தி வைத்தார். என் பதவி உயர்வுக் கோப்பு. அது அங்கே எட்டு மாதமாக இருக்கிறது. இன்றைக்குத்தான் நகர்ந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

மருத்துவமனை. இரண்டு கையிலும் தலையணை மாதிரிக் கட்டு. அவர் மனைவி துளசிமணி இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“மேடத்துக்கு அந்தச் சேர எடுத்துப் போடு” என்றார் திருமூர்த்தி. பிறகு தாழ்ந்த குரலில், “விசாரணையில என்னக் கேட்டாங்கன்னா, மேடம் சொல்றதுதானுங்கன்னு சொல்லிருவனுங்க. நீங்க வெசனப்படாதீங்க.”

எனக்கு வேண்டியதைத்தான் சொன்னார். அதைக் கேட்டதும் உட்கார முடியவில்லை.

லிஃப்ட் வரை துளசிமணி வந்தார்.

“ஏனுங் மேடம், அந்த போட்டோவ அவரு எனக்கும் காட்டுனாரு. வெரலு மொளச்சிருச்சு பாருடின்னு. சிரிச்சமுங்க. இப்ப அதே போட்டோவ வெச்சுட்டு, குடுத்தும் போடலைங்கறாங்க. அவுரு வாயத் தொறக்க மாட்டாரு. தொறந்தா உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிருமாம்.”

நான் லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன்.

“அவுருக்கு அந்த வெரலு இல்லீன்னு உங்களுக்குத் தெரியுமல்லங்க? பத்து வருசமாப் பாக்கறீங்க.”

“தெரியும்.”

“அப்பறம் என்னுங்க?”

லிஃப்ட் வந்துவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

துணி துவைத்தேன். கேஸ் அடுப்பைக் கழற்றித் துடைத்தேன். பதினோரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன்.

அச்சகத்துக்குப் போனது எல்லாத் தாளையும் ஒன்றாக ஒட்டிய படம். அதில் எதையும் பிரிக்க முடியாது. லேயர்கள் உள்ள மூலக் கோப்பு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதையும் ஒன்றாக ஒட்ட ஒரு கட்டளை போதும். சேமித்து மூடிவிட்டால் பிறகு கையுறைக்கு அடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மெனுவைத் திறந்து அந்தக் கட்டளையின் மேல் அம்புக்குறியை வைத்தேன். நகர்த்தினேன். மறுபடி வைத்தேன்.

அப்போதுதான் முதல்வர் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் அழைப்பதில்லை.

“சும்மாதான் மேடம். அந்தப் படத்தோட மூல ஃபைல் இன்னும் வெச்சிருக்கீங்களா? வேல முடிஞ்சுதே, எதுக்கு அது, எடத்த அடச்சுட்டு?”

“பார்க்கறேங்க சார்.”

“பாருங்க. செவ்வாய்க்கெழம வெரசா முடிஞ்சிரும்.”

ஃபோனை வைத்த பிறகு ‘கையுறை’ என்ற லேயரின் கண்ணை அழுத்தினேன். நீலம் போனது. அவர் கை வந்தது. நகத்தில் சில்வர் நைட்ரேட் கறை. பாட்டில் கழுத்தில் மூன்று விரலும், தொடாமல் நிற்கும் பாதி விரலும். கண்ணை மறுபடி அழுத்தினேன். என் கை வந்தது. அவருடைய தோளிலிருந்து நீளும் என் கை.

முதல்வரின் ஜனவரிச் செய்திகளைத் தேடி எடுத்தேன். பிள்ளைங்க கண்ணாடி. அவ்வளவுதான் இருக்கிறது. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். வேறு செய்தி இல்லை.

எதையும் ஒட்டாமல் மூடினேன்.

மார்ச் 4, செவ்வாய்

விசாரணைக் குழுவில் மூன்று பேர். முதல்வர், அருள்தாஸ், நிர்வாகத்தின் தரப்பில் ஒரு வழக்கறிஞர். மருத்துவமனையில் அரை நாள் அனுமதி வாங்கி வந்திருந்த திருமூர்த்தி கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். துளசிமணி வெளியே பெஞ்சில்.

“உங்களுக்குக் கையுறை குடுத்திருந்தாங்களா?” என்று வழக்கறிஞர் கேட்டார்.

“மேடம் சொல்றதுதானுங்க.”

“நான் உங்களக் கேக்கறேன்.”

“அதையேதானுங்க நானும் சொல்றேன். மேடம் சொல்றதுதான்.”

நான் லேப்டாப்பைத் திறந்து மேசையில் அவர்கள் பக்கம் திருப்பினேன். கண்ணை அழுத்தினேன். முதல்வர் திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

வழக்கறிஞர் சாய்ந்து உட்கார்ந்தார். “சரிங்க மேடம். கையுறை உள்ளது ஒண்ணு, இல்லாதது ஒண்ணு. இதுல எது நீங்க பண்ணுனது, எது நெசம்? அவருக்காகப் பாவம் பார்த்து நேத்து நீங்க கையுறைய எடுத்துட்டீங்கன்னு நான் ஏன் நெனைக்கக் கூடாது?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சந்தேகப்படுவது என் தொழில் என்று நினைத்திருந்தேன்.

“கதவுகிட்ட மாட்டியிருக்கறதப் பார்க்கலாம். அதை நான் நேத்து மாத்தியிருக்க முடியாது” என்றேன்.

எல்லோரும் நடந்தோம். திருமூர்த்தி கடைசியில் வந்தார். தேர்வு முடிந்து நின்றிருந்த சில ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

முதல் பெண்ணின் கண்ணாடியைக் காட்டினேன். கண்ணாடிச் சில்லில் ஒரு ஜன்னல் தெரியும். பூப்போட்ட கிராதி, தொங்கும் பாட்டிலில் மணிபிளான்ட். இரண்டாவது பெண்ணின் கண்ணாடியிலும் அதே கிராதி, அதே மணிபிளான்ட். ஒன்பது பேரும் ஒன்பது திசையில் நிற்கிறார்கள். ஒன்பது பேர் கண்ணிலும் என் சமையலறை ஜன்னல்.

“இந்த ஆய்வகத்துல கிராதி போட்ட ஜன்னலே கிடையாது” என்றேன். பிறகு நீலக் கையுறையைக் காட்டினேன். “இந்த இடது கைக்கு அஞ்சு விரல் முழுசா இருக்கு.”

வழக்கறிஞருக்குப் புரியவில்லை. அருள்தாஸ்தான் தொண்டையைச் செருமினார். “திருமூர்த்திக்கு அந்த வெரல் பாதிதானுங்க. எல்லாத்துக்கும் தெரியும்.”

அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே நின்றிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

“கண்ணாடிய யாரு போடச் சொன்னது?”

“முதல்வர்.” செய்தியைக் காட்டினேன்.

“கையுறைய?”

முதல்வர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயரை அப்போது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

“யாரும் சொல்லலை. நான் போட்டேன். லேப்ல கையுறை கிடையாது. கிழிஞ்சு போச்சுன்னு அவர் தீபாவளிக்கு முன்னாலயே எங்கிட்டச் சொன்னார்.”

திருமூர்த்தி, “மேடம், வேண்டாமுங்க” என்றார்.

மார்ச் 5, புதன்

திருத்தங்கள்.

ஜனவரி 13-இல் ‘கையுறையும் வேண்டும் என்றார்கள்’ என்று எழுதியதன்மேல் ஒரு கோடு போட்டிருக்கிறேன். திருத்தம்: யாரும் சொல்லவில்லை. வெறுங்கை படத்தின் அழகைக் கெடுத்தது.

ஜனவரி 24-இல் ‘கவனிக்கவே இல்லை’ என்பதன்மேல் ஒரு கோடு. திருத்தம்: பதினைந்தாம் தேதியே கவனித்தேன். விரலைச் சுருக்கினால் நிழலை மறுபடி செய்ய வேண்டும். விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 10-இல் ‘எல்லாம் முடிந்தது’ என்பதன்மேல் ஒரு கோடு. திருத்தம்: கையுறைக்கு இன்டென்ட் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று இதைச் சொல்ல முடியாது. மறந்திருந்தால், ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் தாண்டும்போது நினைவு வந்திருக்கும். தாண்டும்போதெல்லாம் அவர் கையில் நீலக் கையுறையைப் பார்த்தேன். நன்றாகப் பொருந்தியிருந்தது. வேலை முடிந்துவிட்டது என்றே இருந்தேன்.

மார்ச் 10, திங்கள்

திருமூர்த்தியின் மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு ஒன்று வந்திருக்கிறது, ஏழு நாளில் விளக்கம் கேட்டு. பதவி உயர்வுக் கோப்பும் கூடவே வந்தது, ‘பரிசீலனைக்கு உரியதல்ல’ என்ற குறிப்போடு. படத்தைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் நான்கு ஆணித் துளை.

இன்டென்ட் எழுதினேன். அமிலக் கையுறை, ஆறு ஜோடி. எழுத மூன்று நிமிடம் ஆனது. அலுவலகத்தில் அளவு கேட்டார்கள். தெரியவில்லை. மருத்துவமனைக்கு ஃபோன் செய்தேன். துளசிமணி எடுத்தார். ஃபோனைத் திருமூர்த்தியின் காதில் வைத்தார்.

“அளவுங்களா? கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு மாசமாவுமாமுங்க, இப்பவே எதுக்கு?”

“இப்பவே வேணும்.”

“அப்பப் பெருசே எழுதிக்குங்க மேடம். எப்புடிப் போட்டாலும் எடது கையில ஒரு வெரலு பாதி காலியாத்தான் தொங்கும்.”

இன்டென்ட் தாளில் அதை எழுத இடம் இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன்: பெரிய அளவு. இடது ஆள்காட்டி, பாதி.